ஆம்ப்ரோஸ் டோலிவருக்கு ஒரு கல்

கல்லை மூடியிருந்தது வெள்ளைத் துணியா, பழுப்புத் துணியா? லவினியா டோலிவருக்குக் கடைசிவரை சந்தேகம்தான். சில நாள் வெள்ளை என்பார். சில நாள், துணியே இல்லை, பருத்தி மூட்டை கட்டுகிற சாக்கைத்தான் போர்த்தியிருந்தார்கள் என்பார்.

கயிறு உள்ளங்கையை அறுத்தது மட்டும் நிச்சயம்.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலபாமாவில், நீதிமன்றத்துப் புல்வெளியில் நின்றிருந்தார். அதை இழுத்தால் துணி விலகும். உள்ளே அவர் கணவரின் நினைவுக்கல்.

முன்வரிசை நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள். தடுப்புக் கட்டைக்கு அப்பால், செப்டம்பர் வெயிலில், கறுப்பர்கள் நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் புல்வெளியில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

பண்ணையார் சங்கத் தலைவர் கிரேடி ஹண்ட்லி பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆம்ப்ரோஸ் ஒருநாள்கூட முகஞ்சுளிச்சதில்ல. என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருப்பான்! ஒரு தடவை முன்வாசப் பக்கம் கால் வெச்சதுண்டா?"

நாற்காலிகள் சிரித்தன. கை தட்டின.

பருத்தி மண்ணின் சத்தைத் தின்றது. வண்டு வந்து பருத்தியைத் தின்றது. மிச்சமிருந்த மண்ணில் தட்டைப்பயறு போட்டால் வாடல் நோயில் கருகியது. பூவைப் பூவோடு சேர்த்து, வருடக்கணக்காக விதை பிரித்து, வாடாத பயறு ஒன்றை உண்டாக்கினார் டாக்டர் ஆம்ப்ரோஸ் டோலிவர். அந்த மாவட்டம் மறுபடி சோறு தின்றது. அதில் ஹண்ட்லியின் மேசையும் சேர்த்தி.

ஹண்ட்லி அதைச் சொல்லவில்லை.

முகஞ்சுளிக்காதவராம். அந்த வீட்டுப் பின்வாசலில் நின்றுவிட்டு வந்த நாட்களில் அவர் நேராக விதைக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். லவினியா சோள ரொட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருவார். பெரும்பாலும் ரொட்டி வைத்தபடியே இருக்கும்.

பேச்சு முடிகிறவரை லவினியா நிலத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் பாடம் நடத்திய கல்லூரிக்குப் பின்னால் இருந்த சோதனை வயல் ஹண்ட்லியினுடையது. வேர்ப்புழுவையும் தாங்குகிற அடுத்த பயறு அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் இறந்த பிறகு அவருடைய மாணவன் ஆசா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோடையில் ஹண்ட்லி வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் சொல்லியிருந்தார்.

"கல்லுல டாக்டர்னே போடுறோம், லவினியா. நீ வந்து கயித்த இழு. ரெண்டு வார்த்தை நன்றி சொல்லு. நிலம் ஆசாகிட்டயே இருக்கட்டும்."

அந்த மாவட்டத்தில் கறுப்பு மனிதனின் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போடும் பத்திரிகை கிடையாது. தலை நரைத்தால் 'அங்கிள்' என்பார்கள். பாசத்தால் அல்ல. மிஸ்டர் என்று சொல்லாமல் தப்பிக்க.

முப்பது வருடம், அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்த்தார். "அவங்க கூப்பிடுற பேரைக் கேட்டா பயிரு வளருது?" என்று கேட்டுச் சிரிப்பார். லவினியா ஒருமுறையும் சிரித்ததில்லை.

பேச்சு முடிந்தது. லவினியா கயிற்றை இழுத்தார்.

*அங்கிள் ஆம்ப்ரோஸ். வெள்ளை விவசாயியின் விசுவாசமுள்ள நண்பன்.*

அவ்வளவுதான். குடும்பப் பெயர்கூட இல்லை.

ஹண்ட்லி பக்கத்தில் குனிந்தார்.

"இடம் பத்தலைன்னுட்டான் கல்லு வெட்டுறவன். எல்லாம் ஒண்ணுதானே. ம், நன்றி சொல்லு."

எழுத்துகளுக்குக் கீழே இரண்டு சாண் கல் வழுவழுவென்று வெறுமையாகக் கிடந்தது.

நாற்காலிகளில் கைவிசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கோ ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.

லவினியா குனிந்து துணியை எடுத்தார். கல்லின் மேல் மறுபடி போர்த்தினார். நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தார்.

"இது யாருன்னு தெரியலீங்க, மிஸ்டர் ஹண்ட்லி. எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பொறந்தவங்களே கிடையாது. இவரு யாருக்கு அங்கிள்? உங்களுக்கா? அப்ப உங்க வீட்டு ஆளுங்கல்ல கயித்த இழுக்கணும்?"

தடுப்புக்கு அப்பால் ஒரு சிரிப்பு கிளம்பி, விழுங்கப்பட்டது. பிறகு ஒரு மனிதன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவனும்.

ஹண்ட்லியின் கழுத்து சிவந்தது. "நாளைக்கு டிராக்டர் வரும்" என்றார்.

"வரட்டும்."

வந்தது. விடிந்ததும் சோதனை வயல் முழுவதையும் உழுது புரட்டிப் போட்டது. புரண்டவை வெறும் கொடிகள். ஒன்றிலும் ஒரு நெற்றுகூட இல்லை.

லவினியாவின் பள்ளிக்கூட வேலை அந்த வாரமே போனது. சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் துணி வெளுத்துப் பிழைத்தார். அங்கேயே இறந்தார். ஆசா வேறொரு மாநிலத்தில் அந்தப் பயற்றை முடித்தான். இன்று அது விதைக் கடைகளில் ஒரு எண்ணாக விற்கிறது, யார் பெயரும் இல்லாமல். ஹண்ட்லி செனட்டரானார்.

கல்லை வெட்டிய ரூஃபஸ் லவினியாவின் தேவாலயத்தைச் சேர்ந்தவன்; அவனுக்கு அந்த ஊரில் அப்புறம் யாரும் வேலை தரவில்லை. விழாவுக்கு முந்தைய புதன்கிழமையே அவன் லவினியாவின் வீட்டுக்கு வந்து, தன்னை என்ன வெட்டச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கே தேவாலயத்துப் பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் கடைசி நெற்றும் பறித்து ஆசாவிடம் கொடுத்தாயிற்று.

ஆனாலும் கயிற்றை இழுக்கும்போது லவினியா, ரூஃபஸ் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்.