விரலுக்கடியில் ஓடும் நாடா

காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தறிமேல் விழுந்து, பாதி நெய்த மாம்பழ நிறப் பட்டைப் பற்றவைத்ததுபோல் மினுக்குகிறது. பக்கத்துத் தெருவில் பவர்லூம் இரைகிறது. தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டிருக்கிறான் எத்திராஜ். நேற்று அந்தக் குழியிலிருந்து எழும்போதுதான் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தான். இன்று அவன் பின்னால் மண்டியிட்டு, மனைவி ஸ்வர்ணலதா கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறாள். மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் கட்டைவிரல்களை அழுத்தியவள் தேய்ப்பதை நிறுத்துகிறாள். உள்ளே ஏதோ நெளிகிறது. “தலைய ஆட்டாதீங்க.” “எங்க ஆட்டறேன்? நேராதான வெச்சிகினு கீறேன்.”

உண்மைதான், தலை அசையவில்லை. அவன் கயிற்றை இழுக்க, ஊடிழையைச் சுமந்துகொண்டு நாடாக் கட்டை வலப்பக்கம் பாய்கிறது. அவன் கண் அதன் பின்னால் போகிறது. அவள் விரலுக்கடியில், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு தசை துடிக்கிறது. நாடா திரும்பினால் துடிப்பும் பக்கம் மாறுகிறது. அவள் கண்ணை மூடிப் பார்க்கிறாள். அப்போதும் நாடா போகும் பக்கத்தை விரல் சொல்லிவிடுகிறது. “உங்க கண்ணு போற பக்கமெல்லாம் கழுத்தும் கூடவே போவுதுங்க!” என்று சிரிக்கிறாள். அவனும் சிரித்தபடி தறியை நிறுத்துகிறான். “இப்ப தலை சுத்துதா?” என்று கேட்கிறாள். “அதெல்லாம் நேத்தோட போச்சு,” என்று எழுவதற்காகக் குழி விளிம்பில் கையை ஊன்றுகிறான். நாடா அசையாமல் கிடக்கிறது; அவன் கண் பின்தொடர எதுவும் ஓடவில்லை. அவள் விரல்களுக்கடியில் மட்டும் அந்தத் துடிப்பு இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

“எழுந்திருக்காதீங்க,” என்கிறாள், கையை எடுக்காமல்.