மழைக்குக் காரணமான பஜ்ஜி

வேளச்சேரியில் தூறல் விழுந்தால் வேதவல்லியின் பஜ்ஜிக் கடைக்குப் பூட்டு விழும். பஜ்ஜி விற்பனை ஏறும் நாளெல்லாம் மழையும் ஏறுகிறது என்று அரசின் ஒட்டுறவு வாரியத்தின் இயந்திரம் கண்டுபிடித்திருந்தது. எதோடு எது சேர்ந்து வருகிறதோ அதுதான் அதற்குக் காரணம் என்பது வாரியத்தின் கணக்கு. வெள்ளத் தடுப்பு என்றால் சும்மாவா? வெயில் நாளில் கடை திறக்கலாம். அன்றைக்கு ஈ கூட எட்டிப் பார்க்காது.

அன்றும் தூறியது. வாரிய இயக்குநர் முனைவர் ஞானவடிவேல் பூட்டும் கையுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார்.

“மழை வந்தாத்தான் சார் ஜனம் பஜ்ஜி கேக்குது. நான் சுட்டதாலயா மழை வருது? அடுப்ப அணைச்சா என் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?”

“புள்ளிவிவரம் உனக்குப் புரியாதும்மா. ஊரைக் காப்பாத்த நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தெருவுல எப்ப மழை பேஞ்சாலும் நான் வந்து நிப்பேன். ஒரு மழைகூடத் தவறினதில்ல!”

அவர் மணிக்கட்டில் இருந்த வாரிய இயந்திரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. உடனே கணக்கும் போட்டது. பஜ்ஜியைவிட இயக்குநருக்கும் மழைக்கும்தான் ஒட்டுறவு அதிகம் என்று தெருவே கேட்க அறிவித்தது. பூட்டு ரத்து. பருவமழை முடியும்வரை இயக்குநர் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.

மறுநாள் மழை கொட்டியது. கடையில் கூட்டம் முண்டியடித்தது. நடுவில் வேதவல்லியின் போன் அடித்தது.

“இயக்குநர் பேசறேம்மா. ஏன்னே தெரியல, மழையப் பாத்ததும் பஜ்ஜி திங்கணும்போல இருக்கு. சூடா ஒரு பிளேட் அனுப்பறியா?”

“மெதுவா பேசு சார்” என்றாள் வேதவல்லி. “உன் மிஷினு கேட்டுக்கினு இருக்கப்போவுது.”