திருக்கை முள்

ஜோன்ஸ் வலது காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். கணுக்காலைச் சுற்றிப் பருமனாய் ஒரு துணிக்கட்டு. திருக்கை முள் குத்திவிட்டது என்று அவன் பெண்டாட்டி விஜிலா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

முள்ளுமில்லை, மண்ணுமில்லை. தூத்துக்குடி ரோட்டில் குடித்துவிட்டு லோடு வேனை உப்பளத்துக்குள் இறக்கியதற்குக் கோர்ட்டு கொடுத்த வீட்டுக் காவல். கட்டுக்குள் ஜிபிஎஸ் பட்டை இருந்தது. பக்கத்திலிருக்கும் கோயில் வரைக்கும் போகலாம். தாண்டினால் ஸ்டேஷனில் சத்தம் போட்டுவிடும். ஊருக்கோ, பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியாயிற்று.

போதாத காலம், பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேருக்குச் சீட்டுப் போட்டதில் இவன் பெயரும் விழுந்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். முன்வரிசையில் புன்னைக்காயல் சம்பந்தக்காரர்கள் வேறு. குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளையின் அம்மா பிளாரன்ஸ் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். கட்டு அவிழ்ந்தால் இவன் மானம் கப்பலேறிவிடும், மகள் ஜெமியின் கல்யாணமும் கூடவே போய்விடும்.

பங்குச் சாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. இந்தத் தவக்காலம் முழுக்கப் புல்லட்டைத் தொடாமல், கோயில் காம்பவுண்டைத் தாண்டாமல் ஜெபத்திலேயே கிடந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

ஒவ்வொருவராகக் கழுவி முடித்துச் சாமியார் இவனிடம் வந்தார். மற்றவர்கள் எல்லாரும் வலது காலைக் கொடுத்திருந்தார்கள். ஜோன்ஸ் இடது காலை நீட்டினான்.

"வலது கால், ஜோன்ஸ்."

"திருக்கை முள்ளு குத்திட்டு சாமி."

சாமியார் குனிந்து கட்டின் மேல் விரலை வைத்தார். துணி லேசாக விலகிய இடத்தில் பச்சை வெளிச்சம் மினுக்கியது. ஜோன்ஸுக்கு மகள் முகம்தான் நினைவுக்கு வந்தது, பாவி இப்படிக் கெடுத்துவிட்டேனே என்று கண்ணை மூடிக்கொண்டான்.

சாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணியை இழுத்து மூடினார். இடது காலைத் தாம்பாளத்துக்கு மேல் பிடித்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். பாதத்தை முத்தமிடக் குனிந்தவர், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"துணி நிக்காது, ஜோன்ஸ். எம் பட்டைக்கு நான் சாக்ஸ்தான் போடுதேன்."