பதினொரு வருஷ வழக்கு

உயிரணுவை வளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுக்க ஒரு மருந்து உண்டு. குறிப்பிட்ட ஒரு வகைப் புற்றுக்கட்டிக்கு அது கேட்காது என்று எழுதியவர் உயிரியல் பேராசிரியை. கேட்கும் என்று பதினொரு வருஷமாக மல்லுக்கு நின்றவர் வேறோர் ஊர் ஆராய்ச்சியாளர். கருத்தரங்கில் ஒருவர் மேடையேறினால், மற்றவர் கேள்வி கேட்கும் மைக்கைப் பிடித்துக்கொள்வார்.

அன்று பேராசிரியை தானே அவருக்குப் போன் செய்தார்.

"சார், நான் எங்க தப்புப் பண்ணினேன்னு சொல்வீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்ன மேடம், வம்புக்கு இழுக்கறீங்களா?"

"இல்ல சார். தப்புன்னா ஒத்துக்கத்தான் கேக்கறேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நானே உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன். போன மாசம் மூணு தடவை செஞ்சு பார்த்தேன். மருந்து கேக்கவே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி."

"சோதனைக்கு எடுத்த கட்டி செல் பழசா இருந்திருக்குமோ? மறுபடி ஒரு தடவை பார்க்கலாமே."

அவர் சிரித்தார். "ஜெயிச்சவங்க இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்ல. மூணு தடவையும் புது செல்தான் மேடம்."

பேராசிரியை நன்றி சொல்லி, போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த கதவைத் தள்ளினார்.

டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்தார். "உங்க கட்டியும் அதே வகைதான். இருக்கறதும் அந்த ஒரே மருந்துதான். நீங்க கேக்காதுன்னு எழுதியிருக்கீங்க, அவர் கேக்கும்னு எழுதியிருக்கார். பேசினீங்களா? என்ன சொன்னார்?"

"நான் ஜெயிச்சுட்டேனாம், டாக்டர்."