ஊருக்குப் பயமில்லை

அரியலூரில் ஐப்பசி அடைமழைக்கு ஏரி தளும்பி நிற்கிறது. பொழுது சாயும் தூறலில் கொளஞ்சி மேலத்தெருவுக்குள் தப்புப் பறை அடித்து வருகிறான். பின்னால் பழைய பட்டாளத்துக் கோட்டும் குடையுமாய்த் தலையாரி வைத்திலிங்கம். மச்சு வீட்டுச் சன்னலில் புஷ்பவல்லி எட்டிப் பார்க்கிறாள். "என்னடா சேதி?" "இருட்டறதுக்குள்ள ஏரியோட கீழக்கரையை வெட்டி வுடறாங்கம்மா. ஊருக்குப் பயமில்லீங்க." சன்னல் சாத்திக்கொள்கிறது. அரிக்கேன் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் அதோடு உள்ளே போய்விடுகிறது. கீழக்கரைக்கு அடியில்தான் சேரி. அங்கே அவன் பெண்டாட்டி சிந்தாமணி, கைப்பிள்ளையோடு, ஒழுகும் கூரைக்குச் சட்டி வைத்துக்கொண்டிருப்பாள். "எங்காளுவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடியாந்துடறேனுங்க." "தண்டோரா ஊருக்குத்தான். சேரி ஊராடா? அடிச்சு முடிச்சுட்டுப் போ." முடிப்பதற்குள் மண்வெட்டிகள் கரையில் இறங்கிவிடும். கொளஞ்சி தப்பின் ஈரத்தைக் கோணியால் அழுத்தித் துடைக்கிறான். தெரு நடுவில் காலை ஊன்றிச் சாவுக்கொட்டு அடிக்கத் தொடங்குகிறான். ஊரில் சாவு விழுந்தால் பாடை கட்ட ஆண்களும், மாரடித்து அழப் பெண்களும், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சேரி மொத்தமும் இந்தக் கொட்டு கேட்டதுமே கூப்பிடாமலே மேடேறி வந்தாக வேண்டும். தலையாரியின் குடை சரிகிறது. "யாருடா செத்தது?" "இன்னும் யாரும் சாவலீங்க," என்கிறான் கொளஞ்சி. கை மட்டும் நிற்கவில்லை.