டிராக்டர் தெரியாத முதலாளி

"இருக்கிற வேலையே கொஞ்சம். இதுல மொதலாளியும் ஒரு லாகின் போட்டுக்கினு நம்ம பங்குக்கு வந்து உக்காந்தா இன்னா நியாயம்?"

கலைப்பிரியா குரலைத் தாழ்த்தவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சக்கரபாணி சார் கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் அந்த ஆபீஸ். தானாக ஓடும் கார்களுக்கு ரோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. படத்தில் தெரிவது லாரியா, பஸ்ஸா, மாடா என்று கட்டம் போட்டுப் பெயர் குறிக்க வேண்டும்.

அமெரிக்கக் கம்பெனி பாதி வேலையை இன்னும் மலிவான நாட்டுக்குத் தள்ளிவிட்டது. மீதிக்கும் புது விதி போட்டது. வாரா வாரம் அதிகம் தப்பு செய்கிறவரின் லாகினை மூடிவிடுவார்கள். அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரம் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரசவம் முடிந்து தாய்வீடான பெருமுக்கல்லிலிருந்து இப்போதுதான் திரும்பியிருந்தாள் அமலா. கைக்குழந்தை, தூக்கமில்லாத கண்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"வுடு கலை, சார் காதுல விழப்போவுது" என்றாள் அமலா.

"விழட்டும்க்கா!"

கலைப்பிரியா நேரே உள்ளே போனாள்.

திரையில் விக்கிரவாண்டி டோல்கேட். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரைச் சுற்றிக் கட்டம் போட்டு, 'பஸ்' என்று குறித்துக்கொண்டிருந்தார் சார்.

"சார், அது டிராக்டர்!"

"அப்படியா? எனக்கு பஸ்ஸு மாதிரி தெரிஞ்சுதும்மா."

"ஒலக்கூர்ல சொந்தமா டிராக்டர் வெச்சிருக்கீங்க!"

"கண்ணாடி மாத்தணும் போல."

"எங்க வேலையையும் எடுத்துக்கினு, அதையும் தப்புத் தப்பா பண்றீங்க. அமலாக்கா வேலை போவப்போவுது. கொஞ்சமாவது கவலை இருக்குதா சார்?"

"போம்மா, போய் உன் வேலையப் பாரு."

அடுத்த படத்தில் பசுமாட்டுக்கு 'ஆட்டோ' என்று போட்டார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அமலா திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடப்படும் லாகின்: சக்கரபாணி. அவருக்கு மேலே, மயிரிழையில், அமலா.

"மொதலாளிக்கே வேலை போச்சு!" கலைப்பிரியா கைதட்டிச் சிரித்தாள். "நல்லா வேணும். நீ தப்பிச்சக்கா!"

அமலா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை சார் நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் பாக்ஸ்.

"என் வீட்டம்மா, தையல்நாயகி. புதுசா சேர்ந்திருக்காங்க" என்றார் சார்.

கலைப்பிரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குடும்பத்தையே கூட்டியாந்துட்டாரா?" என்று முணுமுணுத்தபடி போய், "வேலை தெரியுமாம்மா?" என்றாள்.

அந்த அம்மா வாசலைப் பார்த்து, அமலா இன்னும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ரகசியமாகச் சொன்னார்:

"சொல்லிக் குடுத்துட்டாரும்மா. அந்தப் பச்ச ஒடம்புக்காரிக்குக் கை பழகுற வரைக்கும், டிராக்டர்னா பஸ்ஸாம்."