முதல் இருநூறு குண்டுகள்

கென்டக்கியின் இந்தத் துப்பாக்கிக் கடையில் சனிக்கிழமைக் காலை வெயில் கண்ணாடி மேஜைமீது சாய்ந்து விழுகிறது. பின்கட்டுச் சுடும் கூடத்தில் வெடிக்கும்போதெல்லாம் காபிக் கோப்பைகள் மெல்ல அதிர்கின்றன. லோரீன் தான் சற்றுமுன் வாங்கிய பெரிய, மலிவான கைத்துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கிறாள். அவள் மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் மஞ்சளாக ஆறிவருகிறது. "என்கிட்டயும் இதேதான். ரெண்டாயிரம் சுட்டாச்சு, குண்டு உள்ள சிக்கினதே இல்ல," என்கிறார் லாரி ஓட்டும் வெண்டெல்.

"சிக்காதது உன் வாய்தான்யா. வாங்கின வாரம் குண்டு சிக்கி இங்கயே தட்டிக்கிட்டு நின்னியே," என்று சிரிக்கிறார் கடைக்காரர் ஓடிஸ்.

"அது புதுசுல. முதல் இருநூறு குண்டு கணக்குலயே வராது. புதுச் செருப்பு மாதிரி, பழகணும்."

லோரீன் நிமிர்கிறாள். "எனக்கு முதல் குண்டே வெடிக்கணுமே. போன வாரம் உள்ள போன என் புருஷன் திங்கக்கிழமை ஜெயில்லேர்ந்து வர்றான்."

வெண்டெல் ஐம்பது குண்டுகள் கொண்ட பெட்டிகள் நான்கை அள்ளிக்கொள்கிறார். "வாம்மா. அந்த இருநூறையும் இன்னிக்கே தீர்த்துடலாம்."

சுடும் கூடத்தில் மூன்றாவது குண்டிலேயே துப்பாக்கி சிக்குகிறது. "கைப்பிடி அடியில தட்டு, மேல்பாகத்தைப் பின்னால இழு, மறுபடி சுடு," என்கிறார் வெண்டெல். அவள் தட்டுகிறாள், இழுக்கிறாள், சுடுகிறாள். காலித் தோட்டா உறைகள் அவள் செருப்பருகே சூடாக உருள்கின்றன. கடைசி நூறும் தடையில்லாமல் போகிறது. காதுமூடியைக் கழற்றிவிட்டு லோரீன் கேட்கிறாள்: "திங்கக்கிழமை சிக்காதுல்ல?"

வெண்டெல் அவள் மணிக்கட்டைப் பார்க்கிறார். பிறகு ஐந்தாவது பெட்டியை வாங்கிவரக் கடைக்குள் போகிறார்.